கனசாவாவில் ஒரு நவம்பர்: வகுப்பில் யாரும் கை தூக்குவதில்லை

தினமும் ராத்திரி போனில் தட்டி வைத்தது. ஊருக்கு வந்த பிறகு கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். நான் சென்னையில் பிளஸ் ஒன், பயோ மேத்ஸ். ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஜப்பானில் கனசாவா என்ற ஊரின் பள்ளிக்கு மாணவர் பரிமாற்றத்தில் இடம் கிடைத்தது. அரையாண்டுத் தேர்வுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு எங்கள் ஹெச்.எம். விடுப்புக் கொடுத்தார்.

நவம்பர் 1, 2023, புதன்

டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். கனசாவா ஸ்டேஷன் வாசலில் பிரம்மாண்டமான மர வளைவு ஒன்று நிற்கிறது. 'நோ' என்னும் ஜப்பானியப் பழைய நாடகத்தில் வாசிக்கும் த்ஸுஸுமி மேளத்தின் வடிவமாம். எனக்கு அது நம்ம ஊர் உடுக்கையை நிறுத்தி வைத்த மாதிரிதான் தெரிந்தது.

நான் தங்கப்போகும் வீட்டின் அம்மா (இனிமேல் ஒகாசான்) என்னை அழைத்துப் போக வந்திருந்தார். நல்ல வெயில், ஸ்வெட்டருக்குள் வியர்க்கிறது, அவர் கையிலோ மூன்று குடைகள். "சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று இந்த ஊரில் ஒரு பழமொழி உண்டு என்றார். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் குடை இல்லாமல் அப்புறம் ஒருநாளும் வெளியே போகவில்லை.

வீட்டில் ஒதோசான் (அப்பா), என் பள்ளியிலேயே மூன்றாம் ஆண்டு, அதாவது நம்ம பிளஸ் டூ, படிக்கும் அண்ணன், இரண்டாம் வகுப்புத் தங்கை. அண்ணன் ஒரு தடவை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனவன்தான். ஜனவரியில் அவனுக்கு நுழைவுத் தேர்வு. அதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் நீட் எழுதும் அண்ணன்களும் இப்படித்தான் காணாமல் போவார்கள்.

நவம்பர் 2, வியாழன்

முதல் நாள் பள்ளி. வாசலில் செருப்பு மாற்றுவது, பிள்ளைகளே வகுப்பைக் கூட்டித் துடைப்பது எல்லாம் நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், அப்படியேதான் இருக்கிறது. எனக்கு மாடிப்படி கொடுத்தார்கள். ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க முதுகு விட்டுப் போனது. சரி, அதை விடுங்கள்.

நான் எதிர்பார்க்காதது காலையில் நடந்தது. முதல் பீரியடுக்கு முன்னால் பத்து நிமிஷம் எல்லோரும் புத்தகம் படிக்கிறார்கள். பாடப் புத்தகம் இல்லை, அவரவருக்குப் பிடித்த புத்தகம். ஆசிரியரும் தன் மேஜையில் உட்கார்ந்து படிக்கிறார். 1988இல் சிபா மாநிலத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய பழக்கமாம் இது. இதற்கு நாலே விதி: எல்லோரும் படிக்க வேண்டும், தினமும் படிக்க வேண்டும், பிடித்ததைப் படிக்கலாம், படித்தால் மட்டும் போதும். அந்த நாலாவது விதியில்தான் நான் அசந்து போனேன். கட்டுரை எழுத வேண்டாம், கதைச் சுருக்கம் வேண்டாம், யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். பக்கத்து சீட்டுப் பெண் துப்பறியும் கதை படித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் கொலைகாரன் யாரென்று தெரியாமலே மூடி வைத்தாள்.

எங்கள் பள்ளியிலும் வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் டைம்டேபிளில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் பிறகு அதை மேத்ஸ் மிஸ்தான் எடுத்து வருகிறார்.

மதியம் இரண்டாவது பெஞ்சுப் பையன் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிட்டான். வரலாற்று ஆசிரியர் அவன் பக்கத்திலேயே நடந்து போனார், ஒன்றும் சொல்லவில்லை. அவன் மேல் சாக்பீஸ் வந்து விழும் என்று நான்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

விடுமுறை, இங்கே பண்பாட்டு நாள். கென்ரோகுஎன் தோட்டத்துக்கு ஒகாசான் கூட்டிப் போனார். பனியின் எடையில் பைன் கிளைகள் ஒடியாமல் இருக்க, நடுவில் ஒரு கம்பத்தை நட்டு அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டுகிறார்கள். வருஷா வருஷம் நவம்பர் 1ஆம் தேதி கராசாகி என்ற பெரிய பைனில் வேலை ஆரம்பம், டிசம்பர் நடுவரை நடக்கும். அந்த ஒரு மரத்துக்கு மட்டும் சுமார் 800 கயிறு.

கீழே ஒரு இளைஞர் கயிற்றைக் கிளையில் கட்டினார். கம்பத்தின் மேலே இருந்த வயதானவர் எட்டிப் பார்த்தார். இளைஞர் அவிழ்த்து மறுபடி கட்டினார். மேலே இருப்பவர் மறுபடி பார்த்தார், இவர் மறுபடி அவிழ்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை இருவரும். எங்கே தப்பு என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சுற்றுலாத் தெருவில் தங்கத் தகடு ஒட்டிய ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ஜப்பானின் தங்கத் தகடு ஏறக்குறைய முழுவதும் இந்த ஊரில்தான் தயாராகிறது. விலையைப் பார்த்தேன். 100 யென் என்பது நம்ம 55 ரூபாய் என்று மனசுக்குள் பெருக்கினேன், தங்கம் ஒட்டாததை வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 6, திங்கள்

இங்கே ஆசிரியர்கள் யாரை எழுப்பலாம் என்று யோசிப்பதில்லை. இன்று 6ஆம் தேதி என்றால் வரிசை எண் 6, 16, 26, 36 பாவப்பட்டவர்கள். கணக்கு வகுப்பில் 16ஆம் எண் பையன் பலகைக்குப் போனான். log₂ x + log₂ (x − 2) = 3. இரண்டையும் பெருக்கலாக்கி, இருபடிச் சமன்பாடாக்கி, x = 4, x = −2 என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

எங்கள் சாராக இருந்தால் "மைனஸ் வந்தா ரிஜெக்ட், லாக் கிடையாது, நெக்ஸ்ட் சம்" என்று பத்து வினாடியில் முடித்திருப்பார். இந்த ஆசிரியர் அழிக்கவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. மஞ்சள் சாக்பீஸால் −2ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இவர் எந்த வரியில் உள்ளே வந்தார்?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் அமைதி. பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்றார். கிசுகிசுவென்று பேச்சு. 26ஆம் எண்ணை எழுப்பினார். அவள் எழுந்து, தெரியவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குத் திட்டும் இல்லை, "ஸ்டாண்ட் அப் ஆன் த பெஞ்ச்" இல்லை.

எனக்குக் கை துறுதுறுத்தது, தூக்கிவிட்டேன். "−2ஐ இரண்டாவது வரியில் போட்டால் உள்ளே 8 வருகிறது. log₂ 8 மூன்றுதானே? அங்கே சரியாகத்தானே இருக்கிறது?" தட்டுத்தடுமாறிய ஜப்பானிய மொழியில் கேட்டேன். முப்பத்தைந்து தலைகளும் புத்தகத்தைப் பார்த்தன. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ஆசிரியர் முகம் மட்டும் மலர்ந்தது. அதேதான் என்று சொல்லி, முதல் வரியில் தனித்தனியே எதிர்ம எண்ணாக இருந்த இரண்டும் பெருக்கியதும் எப்படி நேர்ம எண்ணாகி வேஷம் போட்டு நுழைந்தன என்று விளக்கினார். முக்கால்வாசி பீரியட் அந்தத் தப்பிலேயே போனது. பலகையில் பையனின் −2 கடைசிவரை அழியாமல் இருந்தது. எல்லோரும் அதையும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, கலர் பேனாவில் நோட்டில் இறக்கிக்கொண்டார்கள், 16ஆம் எண் உட்பட.

மணி அடித்த பிறகு பக்கத்து சீட்டுப் பெண் என்னிடம், "நீ ரொம்பத் தைரியசாலி" என்றாள். பாராட்டா, கண்டிப்பா? புரியவில்லை.

சாயங்காலம் டிவியில் முழுக்க நண்டு. இன்றுதான் நண்டு பிடிக்கத் தடை நீங்கியதாம். ஒதோசான் ஒமிச்சோ சந்தையிலிருந்து கோபாகோ என்னும் சின்னப் பெண் நண்டு வாங்கி வந்தார். ஓட்டுக்குள் முட்டையும் சதையுமாக, அற்புதம். நீலச் சீட்டு கட்டிய பெரிய ஆண் நண்டு ஒன்றே பத்தாயிரம் யென்னைத் தாண்டும், அதை டிவியில் மட்டும் பார்ப்போம் என்றார். மிளகு போட்டு வறுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 8, புதன்

பள்ளி முடிந்ததும் பள்ளி தொடங்குகிறது. கிளப்பைச் சொல்கிறேன். பகலில் தூங்கிய அந்த இரண்டாவது பெஞ்சுப் பையன் மாலையில் கூடைப்பந்து அரங்கத்தில் நாலுகால் பாய்ச்சலில் ஓடுவதைப் பார்த்தேன்.

நான் சேர்ந்தது க்யூதோ, வில் வித்தை. வில்லின் நீளம் இரண்டு மீட்டருக்கு மேல், பிடிப்பதோ நடுவில் இல்லை, நடுவுக்குக் கீழே. இலக்கு 28 மீட்டர் தள்ளி, 36 சென்டிமீட்டர் வட்டம். ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது அடித்து வீடியோ அனுப்ப வேண்டும் என்பது என் திட்டம்.

கேப்டன் இரண்டாம் ஆண்டுப் பெண். என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தாள், அதில் ரப்பர் பட்டை கட்டியிருந்தது. அம்பு எங்கே என்று கேட்டேன். அம்பு பிறகு. எட்டு நிலைகள் உண்டு, முதல் நிலை கால் வைப்பது என்றாள். மாலை முழுக்கக் கால் வைத்தேன். ஏப்ரலில் சேர்ந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ரப்பரிலிருந்து வைக்கோல் பொதிக்கு வந்து, அதிலிருந்து நிஜ இலக்குக்கு வரவே கோடை முடிந்துவிட்டதாம். அதைச் சொன்ன பையனுக்கு அதில் வருத்தமே இல்லை. மணல் மேட்டுக்குத் தண்ணீர் தெளித்துச் சமன் செய்துகொண்டே சொன்னான். அது முதலாம் ஆண்டு வேலை.

நான் சின்ன வயதில் போன கராத்தே வகுப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் கொடுப்பார்கள். பெல்ட்டுக்கு ஃபீஸ் தனி. அதை இவர்களிடம் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வயது மூத்தவர் வந்தாலே எல்லாச் சின்னவர்களும் வேலையை விட்டுவிட்டுக் குனிகிறார்கள். கேப்டன் தவறாகச் சொன்னாலும் சரி என்பார்கள் போல.

நவம்பர் 10, வெள்ளி

குளிர் வந்துவிட்டது. மழையில் சைக்கிள் ஓட்டினால் குடை பிடிக்கக் கூடாது, சட்டப்படி தப்பு, மழைக் கோட்டுதான். கோட்டுக்குள் வியர்வை, வெளியே மழை, இரண்டிலும் நனைந்து போய்ச் சேர்ந்தேன்.

இன்று ஒரு விஷயம் பிடிபட்டது. ஆசிரியர் அறைக்கு வெளியே, நடைபாதையில், நாலைந்து மேஜையும் ஒரு வெள்ளைப் பலகையும் கிடக்கின்றன. பழைய சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். மாலை நாலு மணிக்குப் பார்த்தால் அங்கே கூட்டம். வகுப்பில் வாயே திறக்காத 26ஆம் எண் பெண் நோட்டும் கையுமாக வரிசையில் நிற்கிறாள். கணக்கு ஆசிரியர் அவளோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுகிறார். அடுத்தது 16ஆம் எண்.

உள்ளே போய் ஆசிரியரைக் கூப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கதவைத் தட்ட வேண்டும், வாசலிலேயே நின்று, மன்னிக்கவும், இன்ன வகுப்பு, இன்னார், இன்ன ஆசிரியரிடம் இன்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் ஐம்பது ஆசிரியர் முன்னால் இதைக் கணீரென்று சொல்கிறார்கள். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்: ஏன் வகுப்பில் கேட்பதில்லை? "நான் கேட்டால் எல்லோருடைய நேரமும் போகுமே. எனக்குப் புரியாதது என் விஷயம்."

எங்கள் வகுப்பிலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் காரணம் வேறு. கேட்டால், "இவ்ளோ நேரம் என்ன கவனிச்ச?" என்று வரும்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

காலை எட்டரைக்கு அம்மாவின் வீடியோ கால். அங்கே ஐந்து மணி, பின்னால் சரவெடி. "எண்ணெய் வெச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. நல்லெண்ணெய்ப் பாட்டில் பெட்டியில் இருந்தது. ஆனால் இங்கே குளியல் தொட்டித் தண்ணீர் வீட்டில் எல்லோருக்கும் பொது. முதலில் வெளியே உட்கார்ந்து சுத்தமாகக் குளித்துவிட்டு, பிறகுதான் வெந்நீரில் இறங்கலாம், விருந்தாளி என்பதால் எனக்குத்தான் முதல் இடம். எண்ணெய்த் தலையோடு இறங்கினால் ஐந்து பேருக்கும் தீபாவளிதான். வெளியிலேயே தேய்த்து அலசிவிட்டுத் தொட்டிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் கிளப். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சனி ஞாயிறில் மட்டும் வெளியிலிருந்து ஒரு வயதான பயிற்சியாளர் வருகிறார். அம்பு இலக்கில் பட்டால் பிள்ளைகள் ஒரே குரலில் கத்துகிறார்கள். இவர் மட்டும் இலக்கைப் பார்ப்பதே இல்லை. எய்தவரின் முழங்கையையும் தோளையும்தான் பார்க்கிறார். கேப்டன் நாலு அம்பும் இலக்கில் அடித்தாள், எல்லோரும் கை தட்டினார்கள். அவர் போய், மூன்றாவதில் இடது தோள் ஏறிவிட்டது என்றார். அவள் நன்றி சொல்லிக் குனிந்தாள்.

இரவு சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். ஒட்டும் ஜப்பானிய அரிசியில் சாம்பார் இறங்கவே இல்லை, மேலேயே நின்றது. ஆனால் வறுவல் தட்டோடு காலி. மாடியிலிருந்து அண்ணன் கூட இறங்கி வந்து இரண்டு தரம் போட்டுக்கொண்டான். நான் வந்ததிலிருந்து அவன் உட்கார்ந்து சாப்பிட்டு இன்றுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 14, செவ்வாய்

தங்கையின் வீட்டுப்பாடம் எனக்கு ரொம்பப் பிடித்த நிகழ்ச்சியாகிவிட்டது. தினமும் பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஒகாசான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார். இன்று கேட்டது நான். என் கையெழுத்தைத் தமிழிலேயே போட்டேன்.

இரண்டாம் வகுப்பில் இந்த மாதங்களில்தான் வாய்ப்பாடு படிக்கிறார்கள். ஒன்பதாம் வாய்ப்பாட்டோடு சரி. பாட்டு மாதிரி ஒரு ராகம், ஸ்டாப்வாட்ச், அதுவும் தப்பில்லாமல். ஜப்பானில் மனப்பாடமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிலுக்கு நான் பதிமூன்றாம் வாய்ப்பாட்டை எக்ஸ்பிரஸ் வேகத்தில் சொல்லிக் காட்டினேன். வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "பதிமூன்று எதுக்கு? பத்தும் மூணும் தனித்தனியா பெருக்கலாமே" என்றாள்.

அவள் நோட்டில் தப்பான விடைகள் அப்படியே இருக்கின்றன. ரப்பரால் அழிக்கக் கூடாதாம், மேலே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். எங்கே தடுமாறினோம் என்று பிறகு பார்ப்பதற்காம்.

நவம்பர் 16, வியாழன்

இடி. சாதாரண இடி இல்லை, கட்டடம் நடுங்குகிறது. குளிர்காலத்தில் இப்படி இடி இடிப்பது ஜப்பான் கடலோர ஊர்களின் வழக்கம். இந்த இடி வந்தால் புரி மீன் சீசன் வரப்போகிறது என்று அர்த்தம் என்றார் ஒதோசான். இங்கே எல்லா வானிலையும் ஏதாவது ஒரு மீனில் போய்த்தான் முடிகிறது.

கான்ஜியில் (ஜப்பானிய மொழியில் வரும் சீன எழுத்துகள்) ஒரு சின்னத் தேர்வு, பத்து மார்க். திருத்தின தாளை அம்மாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே பதில்: "ஏழு டிக்! பத்துக்கு ஏழு! ஜப்பான் பாஷையிலயே!" ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம். டிக் மாதிரி ஒரு கீறல் போட்டால் தப்பு என்று அர்த்தம். வட்டம் மூன்றுதான். விளக்கலாம் என்று போனை எடுப்பதற்குள் அத்தை வீட்டுக்குத் தகவல் போய்விட்டது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாமதமானதால் பஸ்ஸில் வந்தேன். இறங்கும்போதுதான் காசு போட வேண்டும், உண்டியல் மீதி தராது, சில்லறை மாற்றும் துவாரம் தனி. நான் நாணயங்களைக் கீழே சிந்திவிட்டேன். பின்னால் நின்ற வரிசையில் ஒருவர் கூட முணுமுணுக்கவில்லை, மூன்று பேர் குனிந்து பொறுக்கினார்கள். ஒரு பாட்டி பொறுக்கித் தந்த பத்து யென்னோடு ஒரு மிட்டாயும் சேர்ந்து வந்தது.

நவம்பர் 18, சனி

மதியம் அண்ணன் என்னை வெளியே சாப்பிடக் கூட்டிப் போனான். கனசாவா கறி: கறுப்பாக, கெட்டியான குழம்பு, மேலே பன்றி இறைச்சிக் கட்லெட், பக்கத்தில் நறுக்கிய முட்டைக்கோஸ், எவர்சில்வர் தட்டு, சாப்பிட முள்கரண்டி. தொள்ளாயிரம் யென்னை ஒட்டி வந்தது. எவர்சில்வர் தட்டைப் பார்த்ததுமே எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. குழம்பு நம்ம ஊர்க் குழம்பு இல்லை, இனிப்பு எட்டிப் பார்க்கும். ஆனால் பசிக்கு நல்லது.

அவன் மாதிரித் தேர்வு முடிவு வந்திருந்தது. இங்கே நூற்றுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சராசரியை 50 என்று வைத்து, கூட எழுதியவர்களோடு ஒப்பிட்டு ஒரு எண் கொடுப்பார்கள், அதற்குப் பெயர் ஹென்சாச்சி. விரும்பும் பல்கலைக்கழகம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஏ முதல் இ வரை ஓர் எழுத்தும் உண்டு. அவனுக்கு டி. ஜனவரி 13, 14இல் பொதுத் தேர்வு. கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்து மறுபடி எழுதுவார்கள். நம்ம ஊர் ரிப்பீட்டர்தான்.

இரவு சாப்பாட்டில் அவனே அந்த டியைச் சொன்னான். ஒதோசான் மென்று விழுங்கிவிட்டு, "இன்னும் இரண்டு மாசம் இருக்கே" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இந்த எழுத்து வந்திருந்தால் மாமா, சித்தப்பா, கீழ்வீட்டு ஆன்ட்டிவரை கூடி மாநாடு நடந்திருக்கும். எவ்வளவு நிதானமான குடும்பம் என்று வியந்துகொண்டே தட்டுக் கழுவப் போனேன். ஒகாசான் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், செப்டம்பரிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை என்றார். அவனிடம் சொல்லாதே என்றார்.

ஆக, பயம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நம்ம வீட்டில் அது வாய்விட்டுக் கத்தும். எது பரவாயில்லை என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

கடைசி கிளப் நாள். தேர்வு நெருங்குவதால் நாளையிலிருந்து எல்லாக் கிளப்பும் மூடல். கேப்டன் எனக்கு நிஜ வில்லைக் கொடுத்து வைக்கோல் பொதி முன்னால் நிறுத்தினாள். இரண்டு மீட்டர் தூரம், குருடர் கூடத் தவற விட முடியாது. இழுத்து விட்டேன். நாண் திரும்பி வந்து இடது முன்கையில் பளாரென்று அறைந்தது. நாவல்பழ நிறத்தில் ஒரு கோடு. அம்பு என்னவோ பொதியில்தான் இருந்தது.

பயிற்சியாளர் வந்து பார்த்தார். அம்பையோ பொதியையோ இல்லை, என் இடது கையை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வில் எங்கே உட்கார வேண்டும் என்று காட்டினார். நான் வரும் ஞாயிறு இங்கே இருக்க மாட்டேன் என்று கேப்டன் அவர் காதில் சொன்னாள். அப்படியா என்று தலையாட்டிவிட்டு, என் விரலைப் பிடித்து இன்னும் ஒரு தடவை சரியாக வைத்தார். இப்போது முதல் நிலையிலிருந்து என்றார். மறுபடி கால் வைத்தேன். இலக்கு வீடியோ எடுக்கவே இல்லை.

நவம்பர் 21, செவ்வாய்

தேர்வு வாரம் வருகிறது. ஆசிரியர் அறைக்குள் மாணவர் நுழையத் தடை என்று கதவில் தாள் ஒட்டிவிட்டார்கள், கேள்வித்தாள் உள்ளே இருக்கிறதாம். நடைபாதை மேஜைகளில் இடமே இல்லை. ரொட்டிக் கடை அம்மாவிடம் யாகிசோபா ரொட்டி (நூடுல்ஸை ரொட்டிக்குள் அடைத்து விற்கிறார்கள், ஆமாம்) வாங்கிக்கொண்டு நானும் போய் நின்றேன். இரண்டாவது பெஞ்சுப் பையன் எனக்கு முன்னால். பகலில் தூங்கிய பாடத்தை மாலையில் கேட்கிறான். ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கிறார்! "அப்போ வகுப்புல தூங்காம இருக்கலாமே" என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவன் பயிற்சி வகுப்பு முடிந்து வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும் என்று பிறகு தெரிந்தது.

நவம்பர் 25, சனி

நேற்று வகுப்பில் வழியனுப்பினார்கள். ஒரு சதுர அட்டை, நடுவில் என் பெயர் தமிழில் (இணையத்தில் பார்த்து வரைந்திருக்கிறார்கள், "ழ" மட்டும் தலைகீழ்), சுற்றிலும் ஆளுக்கு ஒரு வரி. உடம்பைப் பார்த்துக்கொள், மறுபடி வா, கறி சாப்பிடும்போது உன்னை நினைப்போம். படித்துக்கொண்டே வந்தேன். ஓரத்தில் பென்சிலில், பெயர் போடாமல் ஒரு வரி: "−2 பற்றி நீ கேட்டது எனக்கும் இருந்த சந்தேகம். நீ கேட்டதால் வரிசையில் நிற்காமல் தப்பித்தேன்."

யார் எழுதியது என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்ல மாட்டேன் என்றாள். துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்பதை மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 1, வெள்ளி, சென்னை

மழை. பள்ளிக்கு நேற்று லீவு, தெருவில் கணுக்கால் தண்ணீர். அரையாண்டுக்கு நான் தவற விட்டது நாலு பாடம். ஃப்ரெண்டின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்தேன், எல்லா விடையும் சரியாக இருக்கிறது, எங்கே தப்பு வரும் என்றுதான் அதில் தெரியவில்லை.

மாலையில் கோச்சிங் வகுப்பு. சார் ஃபிசிக்ஸ் நடத்தினார், ஓர் இடத்தில் எனக்கு விட்டுப் போனது. கையைத் தூக்கவில்லை. வகுப்பு முடிந்து அவர் ரெயின்கோட் மாட்டி வண்டியை எடுக்கும் இடத்தில் போய் நோட்டோடு நின்றேன். சார் ஒரு நிமிஷம் பார்த்தார். வண்டியை மறுபடி ஸ்டாண்ட் போட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து, போன் டார்ச் வெளிச்சத்தில் படம் போட்டு முழுசாகச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "ஏம்மா, இதே டவுட் அங்க பாதி பேருக்கு இருந்திருக்கும். உள்ளயே கேட்டிருந்தா எல்லாருக்கும் சேத்துச் சொல்லியிருப்பேனே" என்றார்.